புது மணிக்கூடும் இரவல் நாடியும்

அத்தியாயம் பதினாறு

"கையை நீட்டுங்கோ மலரக்கா. கெதியா!"

நேசமலர் கையை நீட்டினாள். இரஞ்சிதம் தன் இடது கையிலிருந்த கறுப்பு மணிக்கூட்டை அவிழ்த்த கையோடு அதை நேசமலரின் கையில் கட்டி இறுக்கினாள். இடையில் நேரம் போகக் கூடாது. போனால் பிரான்சில் மகன் குகதாசனின் போன் அலறும். அவன் தகப்பனுக்கு எடுப்பான். தகப்பன் வயலில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவார். அதோடு எல்லாம் முடிந்தது.

மணிக்கூடு கொஞ்சம் யோசித்தது. பிறகு அடுத்த வீட்டுக்காரியின் நாடியைத் தன் எசமானியின் நாடி என்று நம்பி எண்ணத் தொடங்கியது.

"பின்னேரம் வரைக்கும் கழட்டக்கூடாது," என்றாள் இரஞ்சிதம். "என்ர போனும் உங்களோடயே இருக்கவேணும். மணிக்கூட்டுக்குள்ளயும் தனிச் சிம் இருக்கு, ரெண்டும் ரெண்டு இடத்தில நிண்டா அவனுக்குத் தெரிஞ்சிடும். தோய்க்கக்கூடாது, குளிக்கக்கூடாது. பேசாமக் கதிரையில இருங்கோ."

"இண்டைக்குப் பங்குனித் திங்களடி. அம்மன் கோயில்ல பொங்கல்."

"மலரக்கா!"

"சரி, சரி. நான் போகேல்லை. காலும் நோகுதுதானே. உளுந்து புடைச்சுக்கொண்டு இருக்கிறன்."

"புடைக்கவும் வேண்டாம்."

நேசமலர் சிரித்தாள். இரஞ்சிதத்துக்குச் சிரிப்பு வரவில்லை. சீலைத் தலைப்பால் வெறுங்கையை மூடிக்கொண்டு, வேலியோரமாக நடந்து பஸ் நிற்கும் இடத்துக்குப் போனாள்.

அந்த மணிக்கூட்டின் பூர்வீகத்தைப் போன கிழமைகளில் பார்த்தோம். புதிதாக இந்த வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்காக மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இரஞ்சிதம் நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பியவள். அன்றைக்கே குகதாசன் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அனுப்பினான். மலிவான சாமான். தோய்க்கிற கல்லில் அவள் சீலையை அடித்தால், அம்மா விழுந்துவிட்டார் என்று அது பிரான்சுக்குச் செய்தி அனுப்பும். குசினியில் இருந்து தேங்காய் துருவினால், முரசுமோட்டையிலிருந்து பரந்தனுக்கு நடந்து போனதாகக் கணக்குக் காட்டும். ஒருநாள் புருசன் தில்லைநாதன் அதைக் கழற்றிப் பூசணிக்காய்க்குக் கட்டிப் பார்த்தார். பூசணிக்காய்க்கும் அது நாடி பிடித்துக் காட்டியது. "உன்னைவிடப் பூசணிக்காய்க்கு நல்ல நெஞ்சு," என்று ஒரு கிழமை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கடைசியில், தை மாதம் நெல் காயவிட்ட இடத்தில் அவள் உண்மையாகவே தலைசுற்றி நிலத்தில் இருந்துவிட்டாள். அப்போது அந்த மணிக்கூடு ஒரேயொரு வார்த்தை சொன்னது. கனநேரம் இருந்துவிட்டீர்கள், எழுந்து கொஞ்சம் நடவுங்கள் என்றது.

குகதாசனுக்கு அதோடு பொறுமை போய்விட்டது. லீவில் ஊருக்கு வந்த நண்பன் கிருசாந்தனின் கையில் புது மணிக்கூட்டைக் கொடுத்துவிட்டான். இது படித்த மணிக்கூடு. துணி தோய்ப்பது எது, விழுவது எது என்று இதற்குத் தெரியும். நெஞ்சு பிழையாக அடித்தால் தெரியும். ஆள் எங்கே நிற்கிறாள் என்பதும் தெரியும். கழற்றி வைத்தால் உடனே கோள் சொல்லும். முதல் நாள் குளிக்கக் கழற்றியவள் தலை துவட்டி முடிக்க முதல் மகனின் அழைப்பு வந்துவிட்டது.

"அம்மா, இது தண்ணிக்கும் ஒண்டும் செய்யாது. கழட்டாதேங்கோ."

ஊரெல்லாம் அந்தப் பிள்ளையைப் புகழ்ந்தது. இரஞ்சிதத்துக்கு மட்டும் பயம் பிடித்தது. ஏனென்றால் பழைய மணிக்கூட்டின் பொய்க்குள்தான் அவள் இத்தனை காலமும் ஒளிந்திருந்தாள். சார்ஜ் இறங்கிவிட்டது, தொடர்பு விட்டுப்போச்சு, அது விசர் மணிக்கூடு என்று எதையும் சொல்லலாம். புதியது உண்மை பேசியே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அவளுக்கு ஒளிக்க இருந்தது ஒரேயொரு காரியம். மாதத்தில் ஒருநாள், கிளினிக் என்று சொல்லிவிட்டு, அவள் விசுவமடுவில் இருக்கும் மகள் கௌசலாவைப் பார்க்கப் போய் வந்தாள்.

கௌசலா மூன்று வருடங்களுக்கு முன் விஜிதரனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனவள். விஜிதரனின் தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து விசுவமடுவில் குடியேறியவர்கள். தில்லைநாதன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய தகப்பனின் மகன். இரண்டு பேரும் இந்த மண்ணுக்கு வந்தேறிகள்தான். ஆனால் முன்னுக்கு வந்தவருக்குப் பின்னால் வந்தவரைப் பிடிக்கவில்லை. "எங்கட ஆக்கள் இல்லை," என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். மனைவியிடம் சொன்னது இன்னொன்று.

"அந்த வீட்டுப் படலைக்குள்ள காலை வைச்சியோ, இந்தப் படலைக்குள்ள திரும்பி வராதை."

கோபத்தில் சொல்லிவிட்டு மறக்கிற ஆளாக இருந்தால் பரவாயில்லை. கமக்காரர் கூட்டத்தில் ஒருமுறை கோபித்துக்கொண்டு எழுந்து வந்தவர், இன்றைக்கும் அந்தக் கட்டடத்து முற்றத்தை மிதிக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் எப்போது விடுகிறார்கள் என்பதைப் பக்கத்து வயல்காரரிடம் கேட்டுத்தான் அறிகிறார். அப்படிப்பட்ட மனிதர்.

பஸ் தருமபுரம் தாண்டியது. இரஞ்சிதம் மூன்று தடவை வெறும் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். மணிக்கூடு கட்டியிருந்த இடம் வெளிறிப்போய்க் கிடந்தது. நாளைக்குப் போகலாமே என்று மனம் சொன்னது. ஆனால் நேற்றுக் கௌசலா பேசிய குரல் சரியில்லை. "அம்மா, ஒருக்கா வந்திட்டுப் போங்கோவன்," என்றாள். அவள் அப்படிக் கேட்கிற பிள்ளை இல்லை.

"வாங்க சம்பந்தி," என்று படலையைத் திறந்தாள் விஜிதரனின் தாய் அழகம்மா. "வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல உக்காருங்க. தேத்தண்ணி ஊத்தவா?"

"வேண்டாம். இண்டைக்கு விரதம்."

அழகம்மா தலையாட்டினாள். போன மாதம் சீனி வருத்தம் என்றாள். அதற்கு முதல் மாதம் வயிறு சரியில்லை என்றாள். இந்த வீட்டில் இரஞ்சிதம் இன்னும் ஒரு முடறு தண்ணீர் குடிக்கவில்லை. புருசனுக்கு ஒளித்து வருகிறவள், அவருடைய சொல்லில் பாதியையாவது காப்பாற்றுவதாக மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அது எவ்வளவு கேவலமான கணக்கு என்பது அழகம்மாவின் முகத்தைப் பார்க்கும்போது மட்டும் அவளுக்கு உறைக்கும். அழகம்மா ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

கௌசலா உள்ளே நிறைமாத வயிற்றோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள். இரஞ்சிதம் முதலில் பார்த்தது அவளுடைய கால்களை. இரண்டும் வீங்கி, செருப்பு வாரின் அடையாளம் பள்ளமாகப் பதிந்திருந்தது.

"என்ன பிள்ளை இது?"

"காலமை மிட்வைப் மிஸ் வந்தவா. பிரசர் நூற்றைம்பதுக்கு நூறு. போன கிழமையும் கூடத்தான் இருந்தது. இண்டைக்குப் பின்னேரமே கிளிநொச்சி ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விடச் சொல்லிப்போட்டா. அவர் வான் பிடிக்கத் தருமபுரத்துக்குப் போட்டார்."

"தலையிடிக்குதோ?"

"கொஞ்சம்." கௌசலா தாயின் கையைப் பிடித்தாள். "அம்மா, நீங்கள் என்னோட வந்து நில்லுங்கோவன்."

இரஞ்சிதம் மற்றக் கையால் மகளின் காலைத் தடவினாள்.

"மாமி நிப்பா. அவா என்னைத் தன்ர பிள்ளையைப் போலத்தான் பாக்கிறா. ஆனா எனக்குப் பயமா இருக்கம்மா. எனக்கு நீங்கள் வேணும்."

"கொப்பாவுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"இவ்வளவு நாளும் என்னத்தைச் சொன்னனீங்கள்?"

கேட்டுவிட்டுக் கௌசலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிளினிக் என்று ஒரு பகல் பொய் சொல்லலாம். பிள்ளைப்பேறு பார்க்கப் போவதற்கு எந்தக் கிளினிக்கைச் சொல்வது? ஒரு இரவு வீட்டில் இல்லாமல் போனால், தில்லைநாதன் போட்ட கோட்டைத் தாண்டியதாகிவிடும். நாற்பது வருடங்களாகக் கூட்டிப் பெருக்கிய முற்றம் அவளுக்கு இல்லாமல் போய்விடும்.

"யோசிச்சுச் சொல்லுறன் பிள்ளை," என்றாள். சொல்லும்போதே தன் வாயில் அடிக்கவேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் கட்டிலில் கிடந்த கௌசலாவின் போன் அடித்தது.

கௌசலா எடுத்துப் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள். பிறகு திரையைத் தாய்க்குக் காட்டினாள்.

திரையில் "அம்மா" என்று இருந்தது.

அம்மா இங்கே இருக்கிறாள். அம்மாவின் போன் முரசுமோட்டையில் இருந்து அழைக்கிறது. அது யாருடைய கையில் இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நேசமலரின் கையிலா, தில்லைநாதனின் கையிலா?

"எடுக்கவோ?"

"எடு. கதைக்காதை. ஸ்பீக்கரில போடு."

முதலில் வந்தது உடுக்குச் சத்தம். இரஞ்சிதத்துக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

"இரஞ்சிதம்!" நேசமலரின் குரல் கரகரத்துப் போயிருந்தது. "இருக்கிறியோடி? எல்லாம் பிழைச்சுப் போச்சு."

"கோயிலுக்குப் போனனீங்களோ?"

"உடுக்குச் சத்தம் வீட்டடிக்குக் கேட்டுது. சும்மா எட்டிப் பாத்திட்டு வருவம் எண்டுதான் போனனான். பிறகு எனக்கு ஒண்டும் தெரியாது."

ஒன்றும் தெரியாது என்றால் என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். பங்குனித் திங்களில் நேசமலருக்கு உரு வரும், அம்மன் அவள்மேல் இறங்குவாள். வந்தால் ஐந்து பேர் சேர்ந்தாலும் பிடிக்க ஏலாது. கூந்தல் அவிழ ஆடி, கடைசியில் பொங்கல் பானைக்கு முன்னால் தொப்பென்று விழுவாள். புது மணிக்கூடு எல்லாம் படித்திருந்தது. உரு வருவதைப் படிக்கவில்லை. எசமானியின் நெஞ்சு நூற்றறுபதுக்கு மேலே பாய்வதைக் கண்டது, அவள் விழுந்ததையும் கண்டது, கடமை தவறாமல் பிரான்சுக்கு அறிவித்தது. குகதாசன் தாயின் போனுக்கு எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டுத் தகப்பனுக்கு எடுத்திருக்கிறான்.

"அவர் வந்தவரோ?" என்றாள் இரஞ்சிதம்.

"வந்தவராம். வயலுக்கால ஓடி வந்தவராம். நீ விழுந்து கிடக்கிறாய் எண்டு நினைச்சுச் சனத்தை விலத்திக்கொண்டு வந்து பாத்தா, நான் கிடக்கிறன், கையில உன்ர மணிக்கூடு. இரஞ்சிதம் எங்க எண்டு கேட்டாராம்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

மறுபக்கத்தில் உடுக்கு மட்டும் அடித்தது.

"மலரக்கா, என்ன சொன்னீங்கள்?"

"எனக்கு நினைவில்லையடி. உண்மையா நினைவில்லை. உரு இறங்கேல்லை அப்ப. சனம்தான் சொல்லுது. அம்மன் வாக்குச் சொன்னவா எண்டு சொல்லுது. 'பெத்தவள் பெத்த பிள்ளையிட்டப் போட்டாள், நீ ஆரடா மறிக்க?' எண்டு கேட்டனானாம்."

கௌசலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எல்லாருக்கும் முன்னாலயோ?"

"பூசாரியார், பொங்க வந்த சனம், எல்லாரும். அந்த ஆள் ஒரு சொல்லும் சொல்லேல்லையாம். மணிக்கூட்டை என்ர கையில இருந்து கழட்டினவராம். வயல்கரையில விட்டிருந்த மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கமாப் போட்டாராம். என்னை மன்னிச்சுக்கொள்ளடி." நேசமலர் அழத் தொடங்கினாள்.

முல்லைத்தீவுப் பக்கம் என்றால் இந்தப் பக்கம்தான்.

கௌசலா போனை வைத்துவிட்டுக் கட்டிலில் இருந்து எழும்பப் பார்த்தாள். "அம்மா, பின் படலையால போங்கோ. ஒழுங்கையால போனா றோட்டு வரும். பஸ் பிடிச்சுக் கிளிநொச்சிக்குப் போங்கோ. ஆஸ்பத்திரியில நிண்டனான் எண்டு சொல்லுங்கோ. நீங்கள் இஞ்ச வரேல்லை எண்டு நாங்கள் சொல்லுறம்."

"அம்மன் சொன்னதை என்ன செய்யிறது?"

"அது நேசமலர் மாமியின்ர வாய்தானே."

வழி இருந்தது. இன்னும் ஒரு பொய் மிச்சம் இருந்தது. இரஞ்சிதம் எழும்பி, கைப்பையை எடுத்துக்கொண்டு, பின் வாசல்வரை போனாள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள். தாயைத் தப்பவைப்பதற்காகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்திருந்தாள் கௌசலா. மூச்சு வாங்கியது. அந்த வீங்கிய கால்கள் சீமெந்து நிலத்தில் அகல ஊன்றி நின்றன.

ஒளிக்கிறதுக்குப் பிள்ளையின் உயிரையா செலவழிக்கிறேன் என்று இரஞ்சிதத்துக்கு நெஞ்சு எரிந்தது.

கைப்பையை வாங்குப் பலகையில் வைத்தாள்.

"போய்ப் படு பிள்ளை," என்றாள். பிறகு குசினிப் பக்கம் திரும்பினாள். "அக்கா, தேத்தண்ணி இருக்கோ?"

அழகம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "இருக்கு சம்பந்தி. சீனி போடவா?"

"போடுங்கோ."

தேத்தண்ணீர் சுட்டது. இரஞ்சிதம் அதை ஊதி ஊதிக் குடித்தாள். பாதி குடித்திருப்பாள், வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அந்த இயந்திரம் இருமுகிற விதம் அவளுக்கு நித்திரையிலும் தெரியும்.

தில்லைநாதன் படலைக்கு வெளியே நின்றார். முழங்கால் வரைக்கும் சேறு. காலில் செருப்பில்லை. சட்டைப் பொத்தான் ஒன்றும் பூட்டவில்லை. படலை திறந்துதான் கிடந்தது. அவர் உள்ளே வரவில்லை.

"ஏறு," என்றார்.

இரஞ்சிதம் முற்றத்தைக் கடந்து படலையடிக்கு வந்தாள். வெளியே போகவில்லை.

"தம்பி எடுத்தவன். அம்மாவின்ர நெஞ்சு தறிகெட்டு அடிக்குது, விழுந்திட்டா, கோயிலடியில கிடக்கிறா எண்டான். வரம்பால ஓடினனான். செருப்பு எங்க கழண்டதெண்டு தெரியாது. நீ செத்துப்போனாய் எண்டு நினைச்சுக்கொண்டு ஓடினனான் இரஞ்சிதம்."

அந்த இடத்தில் அவர் குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்க உடனே கத்தினார்.

"போய்ப் பாத்தா என்னை விசரனாக்கி வைச்சிருக்கிறாய்! ஊர்ச்சனத்துக்கு முன்னால! எத்தினை நாளா நடக்குது இது?"

"ஏழு மாசமா."

இவ்வளவு நேராகப் பதில் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஹாண்டிலைப் பிடித்திருந்த அவர் கையைப் பார்த்த இரஞ்சிதம் திடுக்கிட்டாள். புது மணிக்கூடு அவருடைய மணிக்கட்டில் இருந்தது.

"அதேன் உங்கட கையில?"

"கழட்டினா அவன் திரும்பத் திரும்ப எடுக்கிறான். அழுறான். அம்மாவுக்கு ஒண்டுமில்லை எண்டு சொன்னாலும் நம்பேல்லை. அதுதான் கட்டினனான்." சொல்லிவிட்டுத் தன்மீதே எரிச்சல் பட்டார். "இப்ப அதுவோ கதை? நான் ஆறுதலாத்தான் சொல்லுறன். ஏறு."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவர் கையில் மணிக்கூடு துடித்துக் கத்தத் தொடங்கியது. அந்தச் சத்தத்தின் அர்த்தம் இரஞ்சிதத்துக்குத் தெரியும். நின்ற இடத்தில் நிற்கிற ஆளின் நெஞ்சு, ஓடுகிற ஆளின் நெஞ்சைப்போல அடித்தால் அது அப்படிக் கத்தும்.

"இறங்குங்கோ," என்றாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, பயம் மட்டும் இருந்தது. "வந்து இந்த வாங்கில இருங்கோ. ஒரு முடறு தண்ணி குடிச்சிட்டுக் கதையுங்கோ."

"இந்த வீட்டுத் தண்ணி எனக்கு வேண்டாம்."

செம்பில் தண்ணீரோடு முற்றத்துக்கு வந்த அழகம்மாவின் காதில் அது விழுந்தது. அவள் நின்றாள். திரும்பிப் போகவுமில்லை, கிட்ட வரவுமில்லை.

அவளுக்குப் பின்னால் கௌசலா வாசலில் தெரிந்தாள். "அப்பா," என்றாள்.

தில்லைநாதன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் கண் கேட்காது. ஒருமுறை பார்த்தது. வயிற்றைப் பார்த்தது. பிறகு கால்களுக்கு இறங்கி அங்கேயே நின்றது. அவர் சட்டென்று மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் தாங்கியைப் பார்க்கத் தொடங்கினார்.

"இரஞ்சிதம்," என்றார். குரல் தணிந்திருந்தது. "நான் சொன்ன சொல்லை மறக்கிறன். இண்டைக்கு நடந்ததை இனி ஒருநாளும் கதைக்கமாட்டன். இப்ப ஏறினாப் போதும்."

தன் வாழ்நாளில் அவர் தன் சொல்லை அழிப்பது இதுதான் முதல் தடவை. அது எவ்வளவு பெரிய விலை என்று இரஞ்சிதத்துக்குத் தெரியும். ஒரு கணம் அவளுடைய கால் படலையை நோக்கி அசைந்ததையும் மறைக்க நான் விரும்பவில்லை.

ஆனால் நின்றுகொண்டாள்.

"அது நேசமலரின்ர நெஞ்சு," என்றாள். "என்ரையும் இல்லை, உங்கட ஆக்களின்ரையும் இல்லை. மணிக்கூடு கத்தினதெண்டு அதுக்கு நீங்கள் செருப்பில்லாமல் ஓடினனீங்கள். இவளுக்குப் போன கிழமை துடக்கம் பிரசர் ஏறுது. கையில கத்துறதுக்கு ஒண்டும் கட்டேல்லை. இவளுக்கு ஆர் ஓடினது?"

அவர் சேற்றுக் காலைத் தரையில் தேய்த்தார்.

"இண்டைக்குப் பின்னேரம் இவளைக் கிளிநொச்சியில விடுகினம். நான் கூட நிக்கப்போறன். பிள்ளை பிறந்து, தாயும் பிள்ளையும் சுகம் எண்டு கண்ணால கண்டாப்பிறகுதான் வருவன்."

"பிறகு வாறதெண்டா எங்க வருவாய்?"

"நீங்கள்தான் சொல்லவேணும்."

மணிக்கூடு இன்னும் கத்திக்கொண்டிருந்தது. தில்லைநாதன் மற்றக் கையால் அதைப் பொத்திப் பிடித்தார், அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவதுபோல.

"அப்ப வீட்டுப் பக்கம் வராதை," என்றார்.

மோட்டார் சைக்கிளை உதைத்தார். முதல் உதையில் அது எழும்பவில்லை. இரண்டாவதிலும் எழும்பவில்லை. மூன்றாவதில் இருமிக்கொண்டு எழும்பியது. புழுதி மட்டும் படலையில் நின்றது.

முற்றத்தில் மூன்று பெண்களும் நின்ற இடத்தில் நின்றார்கள். அழகம்மாதான் முதலில் அசைந்தாள். கொண்டுவந்த செம்பை இரஞ்சிதத்திடம் நீட்டினாள். "குடிங்க சம்பந்தி."

இரஞ்சிதம் வாங்கி முழுவதையும் குடித்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. உள்ளே போய் மகளைப் படுக்கவைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்கத் தொடங்கினாள். பழைய சீலைத்துண்டு போதாது. வெந்நீர் பிளாஸ்க் ஒன்று வேண்டும். தனக்கு மாற்றுச் சீலையே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"என்னோடது ரெண்டு இருக்கு," என்றாள் அழகம்மா. "கட்டுவீங்களா?"

"கட்டுவன் அக்கா."

கௌசலாவின் போன் மறுபடியும் அடித்தது. வெளிநாட்டு எண். கௌசலா எடுத்துக் காதில் வைத்தாள். ஒரு சொல் கேட்டாள். அவளுடைய உதடு கோணியது. பேச முடியாமல் போனைத் தாயிடம் கொடுத்தாள்.

"அக்கா எண்டு கூப்பிடுறானம்மா," என்றாள்.

தமக்கையோடு பேச்சை விட்டிருந்த குகதாசன் மூன்று வருடங்களுக்குப் பிறகு கூப்பிடுகிறான்.

"தம்பி," என்றாள் இரஞ்சிதம்.

"அம்மா! நேசமலர் மாமிதான் இந்த நம்பரைத் தந்தவா. எல்லாம் சொன்னவா." குகதாசனுக்கு மூச்சு வாங்கியது. "அதைப் பிறகு கதைப்பம். இப்ப மணிக்கூடு அப்பாவின்ர கையிலயோ?"

"ஓமடா. ஏன்?"

"அவர் போகேல்லையம்மா. விசுவமடுச் சந்தியில நிக்கிறதாக் காட்டுது. அசையிறதா இல்லை. கனநேரமா ஒரே இடத்தில நிக்குது."

இரஞ்சிதம் போனைக் காதோடு அழுத்தினாள். "நெஞ்சென்ன சொல்லுது? நெஞ்சைப் பார் தம்பி!"

"பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். முதல் கண்டபாட்டுக்கு அடிச்சுது. இப்ப இறங்கிக்கொண்டு வருது. ஆறுதலா அடிக்குது. ஆனா ஆள் வீட்டுப் பக்கமும் போகேல்லை, திரும்பவுமில்லை. சும்மா நிக்கிறார்."

"வைக்காதை. பாத்துக்கொண்டு இரு," என்று சொல்லிவிட்டு இரஞ்சிதம் கட்டில் விளிம்பில் இருந்தாள். இருந்ததும் இடுப்பில் ஏதோ குத்தியது. சீலைக் கொசுவத்தில் கையை விட்டு எடுத்தாள்.

வீட்டுச் சாவி.

வெளியே போகும்போது கதவு நிலைக்கு மேலே வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். தில்லைநாதன் வயலால் வந்தால் அங்கேதான் கையை விடுவார். இன்றைக்கு வேலியோரமாக ஒளித்து ஓடிய அவசரத்தில் இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டுப் போன மனிதரின் வீடு, பூட்டியபடி அவள் உள்ளங்கையில் கிடந்தது.

கௌசலா அதைப் பார்த்தாள். கண்ணீரோடு சேர்ந்து ஒரு சிரிப்பு அவளுக்கு வந்துவிட்டது.

"அப்ப அப்பா சாவிக்குத்தான் நிக்கிறாரோ அம்மா?"

இரஞ்சிதம் சாவியைப் பார்த்தாள். படலைப் பக்கம் பார்த்தாள்.

"இல்லைப் பிள்ளை," என்றாள் மெதுவாக. "அவர் இன்னும் வீட்டை போகேல்லைத்தானே. சாவி என்னட்டை இருக்கிறது அவருக்குத் தெரியாது."